சனிக்கிழமை 75.9, திங்கட்கிழமை 77.3

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். வயது 34. ஆறு வாரமாகச் சோற்றைப் பாதியாகக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, வாரம் நான்கு நாள் ஜிம் போகிறீர்கள். தொடங்கும்போது 79.2 கிலோ. சனிக்கிழமை காலை 75.9 காட்டிய மெஷின், திங்கட்கிழமை காலை 77.3 காட்டியது. நடுவில் நடந்தது சனி இரவு ஒரு கல்யாண ரிசப்ஷன், ஞாயிறு மதியம் அம்மா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. திங்கள் இரவு மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். "எடை இப்படி ஏறி இறங்குவது இயல்பா" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆறு வாரம் பட்ட பாடு இரண்டு வேளைச் சாப்பாட்டில் போய்விட்டதா, இனி இதைத் தொடர்வதில் அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் உணவியல் படித்து, பதினேழு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதலில் ஒரு மருத்துவமனையில், இப்போது சொந்தமாக ஒரு சின்ன கிளினிக்கில். மருத்துவர் அல்ல. நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. ஆனால் எடை மெஷினில் ஏறி நின்று முகம் வாடிப்போனவர்களை வாரத்துக்கு இருபது பேராவது பார்க்கிறேன். வளையலைக் கழற்றி, செயினைக் கழற்றி, செருப்பை விட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். அந்த ஒரு எண் அவர்களுடைய வாரம் முழுவதற்கும் தீர்ப்பு என்பது போல நினைத்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிதல்ல, சின்னதும் அல்ல.

போய்விடவில்லை. சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். நீங்கள் சொல்லும் 1.4 கிலோவும் கொழுப்பாக இருந்தால் சுமார் 10,800 கலோரி. அதுவும் அன்றாடம் உடம்பு செலவழிப்பது போக மேலதிகமாக. ஒரு தட்டு மட்டன் பிரியாணி 800 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் பதின்மூன்று தட்டு. நீங்கள் ரிசப்ஷனில் சாப்பிட்டதாகச் சொன்னது ஒரு தட்டு பிரியாணி, இரண்டு குலாப் ஜாமூன், கொஞ்சம் ஐஸ்கிரீம். அதில் கொழுப்பாகப் படிந்தது நூறு கிராம் இருந்தாலே அதிகம். மீதி 1.3 கிலோ வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்றும் ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

பெரிய பங்கு உப்பும் தண்ணீரும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டில் தெரியுமில்லையா, அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்தின் உப்புச் செறிவும் அதற்குப் பக்கத்தில்தான், அதனால்தான் அந்த அளவில் செய்கிறார்கள். அந்தச் செறிவை உடம்பு மாறவிடாது. வழக்கத்தைவிட அதிகமாக உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், குடித்த தண்ணீரை அந்த உப்புக்கு ஈடாக உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, கூடுதலாகத் தங்கினால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் அதோடு தங்கும். அரை லிட்டர் என்றால் அரை கிலோ. சிறுநீரகம் இதை ஒரே நாளில் வெளியேற்றாது, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே ஐந்து கிராமுக்குக் கீழேதான். கருவாடு உப்பிலேயே பதப்படுத்தப்பட்டது. அதோடு அப்பளம், ஊறுகாய், முந்தின இரவு ரிசப்ஷன் சாப்பாடு. இரண்டு நாளில் உங்கள் வழக்கத்தைவிட எவ்வளவு உப்பு கூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் மோதிரம் இறுக்கமாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நீர் கோர்த்திருப்பதன் அடையாளம்.

அடுத்தது கிளைக்கோஜன். டயட் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் குளுக்கோஸாகி, உடனே செலவாகாத பகுதி கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரை வைத்துக்கொள்கிறது. ஆக இந்தச் சேமிப்பு முழுதாக இருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் இடையே இரண்டு கிலோ வித்தியாசம் வரலாம், ஒரு துளி கொழுப்பு மாறாமலேயே. சோற்றைப் பாதியாக்கி ஜிம்முக்கும் போனீர்களே, அப்போது இந்தச் சேமிப்பு குறைந்தது. முதல் வாரத்தில் மட்டும் 1.3 கிலோ இறங்கியது என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். சனி இரவு பிரியாணியும் ஜாமூனும் உள்ளே போனதும் சேமிப்பு நிரம்பியது, தண்ணீரும் கூடவே திரும்பி வந்தது. இறங்கியபோது அதை முழுக்கக் கொழுப்பு என்று நம்பியதால்தான், ஏறியபோதும் கொழுப்பு என்று பயம் வருகிறது. மாவுச்சத்தை அடியோடு விடும் டயட்டுகளில் "ஒரே வாரத்தில் மூன்று கிலோ" என்று சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த மூன்று கிலோ உண்மையிலேயே இறங்கியிருக்கும், ஆனால் அதில் கொழுப்பு கொஞ்சம்தான் இருக்கும்.

மூன்றாவது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று. சனிக்கிழமை காலை ஜிம்மில் முதல் தடவையாக ஸ்குவாட்டும் (உட்கார்ந்து எழும் பயிற்சி) லஞ்ஜும் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கும் பயிற்சி) செய்தீர்கள், ஞாயிறு முழுக்கப் படி இறங்க முடியாமல் தொடை வலி. பழக்கமில்லாத பயிற்சி செய்தால் தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படும், அதைச் சரிசெய்ய உடம்பு அந்த இடத்துக்கு நீரை அனுப்பும். வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு தானாக அடங்கும். அந்த நாட்களில் எடை கொஞ்சம் கூடித் தெரியும். இதைத் தவிர, தொடர்ந்து ஓடவோ வேகமாக நடக்கவோ தொடங்கிய முதல் சில வாரங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதியே கொஞ்சம் கூடும். நம் ஊர் வெயிலில் பயிற்சி செய்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். உடம்பு உழைப்புக்குப் பழகுவதன் அடையாளம் அது. இதையெல்லாம் "கொழுப்பு தசையாக மாறிவிட்டது" என்று ஜிம்மில் சொல்வார்கள். கொழுப்பு தசையாக மாறாது, இரண்டும் வேறு வேறு திசுக்கள். தசை வளர்வதும் மிக மெதுவாக, மாதக் கணக்கில் நடப்பது. இரண்டு நாளில் ஏறிய எடைக்குத் தசையைக் காரணம் சொல்பவர் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார், அவ்வளவுதான். ட்ரெய்னர் கிரியாட்டின் பவுடர் ஏதும் கொடுத்திருந்தால் அது தனிக் காரணம். அது தசைக்குள் தண்ணீரை இழுப்பதால் முதல் வாரத்திலேயே ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ ஏறும்.

நான்காவது, மாதவிடாய்க்கு மூன்று நாள் இருக்கிறது என்றீர்கள். அதற்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன் மாற்றத்தால் பல பெண்களுக்கு நீர் கோர்க்கும். என்னிடம் வருபவர்களில் பலருக்கு அரை கிலோ, சிலருக்கு ஒன்றரை இரண்டு கிலோகூட வந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எதுவுமே தெரியாதவர்களும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று மாதம் எழுதிவைத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இவற்றோடு வயிற்றில் இருக்கும் சாப்பாட்டின் எடை. இது மிகச் சாதாரண விஷயம், ஆனாலும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். சாப்பிட்டது வெளியேற ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஆறுக்கு மெஷினில் ஏறினால், தட்டில் இருந்ததில் ஒரு பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மலச்சிக்கல் இருந்தால் இன்னும் கூடும். செவ்வாய் காலை 76.6 காட்டியது என்றும், மோர் மட்டும் குடித்தது வேலை செய்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்ததால் குடல் கொஞ்சம் காலியாக இருந்திருக்கும், அது உண்மை. மீதியெல்லாம் நீங்கள் சாப்பிட்டிருந்தாலும் வெளியேறியிருக்கக்கூடிய உப்புத் தண்ணீர். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எடை ஏறினால் பட்டினி, இறங்கினால் நிம்மதி என்று ஒரு பழக்கம் உருவாகிவிட்டால் அதிலிருந்து வெளியே வருவது கஷ்டம். திங்கள் பட்டினி, செவ்வாய் மாலை தாங்க முடியாத பசி, கையில் கிடைத்ததைச் சாப்பிடுவது, புதன் மறுபடி பட்டினி. டயட்டைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் என்னிடம் சொல்லும் கதை இதுதான். கருவாட்டுக் குழம்பால் அவர்கள் தோற்கவில்லை, அதற்கு அடுத்த நாள் தங்களைத் தாங்களே தண்டித்துக்கொண்டதால் தோற்றார்கள்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்குத் தினமும் எழுதிவைத்திருப்பது பெரிய உதவி. முதல் வாரம், புதனில் தொடங்கி: 77.4, 77.6, 76.9, 77.0, 77.3, 76.8, 76.7. கூட்டி ஏழால் வகுத்தால் 77.1. இரண்டாவது வாரம்: 76.8, 76.2, 76.5, 75.9, 76.9, 77.3, 76.6. இதன் சராசரி 76.6. உங்களை அழவைத்த அந்த 77.3 உள்ளே இருந்தும், ரிசப்ஷனும் கருவாடும் உள்ளே இருந்தும், வாரச் சராசரி அரை கிலோ இறங்கியிருக்கிறது. அரை கிலோ கொழுப்பு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 550 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். நீங்கள் சொல்லும் சாப்பாட்டு அளவுக்கும் ஜிம்முக்கும் அது பொருந்துகிறது.

ஆனால் இந்த அரை கிலோ முழுக்கக் கொழுப்புதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு வாரச் சராசரியிலும் தண்ணீரின் கை இருக்கும். மாதவிடாய் நெருங்கும் வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டிருக்கிறோம், அது முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லை. நான்கு வாரச் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம்பிக்கையாகச் சொல்லலாம். மாதவிடாய் வருபவர்களுக்கு அதைவிட நல்ல வழி, இந்த மாதவிடாய்ச் சுழற்சியின் மூன்றாம் வாரத்தைப் போன சுழற்சியின் மூன்றாம் வாரத்தோடு வைத்துப் பார்ப்பது. அப்போது ஹார்மோன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில் எல்லோரையும் வாரம் ஒரு தடவை வரச்சொல்லி, அன்றைய ஒற்றை எண்ணைப் போன வார ஒற்றை எண்ணோடு ஒப்பிடுவேன். ஒரு பள்ளி ஆசிரியை, மிகவும் ஒழுங்காக இருப்பவர், ஒரு வாரம் 900 கிராம் ஏறி வந்தார். "வெளியில் ஏதாவது சாப்பிட்டீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. இன்றைக்கு அவருடைய அட்டையை நினைத்துப் பார்த்தால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே போல ஒரு ஏற்றம் அதில் இருந்தது நினைவுக்கு வருகிறது. எண் என் கண் முன்னால் இருந்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தினமும் எடை பார்ப்பது நல்லதா, வாரம் ஒருமுறை போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சராசரி எடுக்கப் போகிறீர்கள் என்றால் தினமும் பார்ப்பதே சரி. வாரம் ஒரே ஒரு நாள் பார்த்தால், அந்த நாள் உங்கள் 75.9 ஆகவும் இருக்கலாம், 77.3 ஆகவும் இருக்கலாம், இரண்டுமே உங்களைத் தவறாக வழிநடத்தும். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபி குடிக்கும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். எண்ணை எழுதிவிட்டு நாளைத் தொடங்குங்கள், அதைப் பற்றி அன்றைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த எண் உங்கள் நாளையே கெடுக்கிறது, அல்லது முன்பு எப்போதாவது சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது போன்ற பழக்கம் இருந்தது என்றால் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இடுப்புச் சுற்றளவும், பழைய பிளவுஸ் எப்படி இருக்கிறது என்பதும் போதும். நிறையப் பேர் தினசரி எடை பார்ப்பதால் பயனடைகிறார்கள் என்பது எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகாது.

மெஷினைப் பற்றியும் கொஞ்சம். டைல்ஸ் தரையில், சமமான இடத்தில் வையுங்கள், மெத்தை விரிப்பின் மேல் வேண்டாம். இடம் மாற்றாதீர்கள். மூன்று தடவை ஏறி இறங்கிப் பாருங்கள், 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஜிம் மெஷினையும் வீட்டு மெஷினையும் ஒப்பிடவே வேண்டாம். உங்கள் மெஷின் கொழுப்புச் சதவீதமும் காட்டுகிறது, அது 38-லிருந்து 39 ஆனது என்று பயந்திருக்கிறீர்கள். அது பாதத்தின் வழியாக மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து ஊகிக்கும் எண். உடம்பில் தண்ணீர் மாறினால், பாதம் ஈரமாக இருந்தால்கூட அந்த ஊகம் மாறும். ஒரு சதவீத வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை.

உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் எடையை இழப்பதும் ஏற்பதும் நானூறு வருடமாகத் தெரிந்த விஷயம். இத்தாலியின் பதுவாவில் இருந்த சாந்தோரியோ என்ற மருத்துவர், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் சுமார் முப்பது வருடம் எடை போட்டு, முடிவுகளை 1614-ல் வெளியிட்டார். உள்ளே போனதில் பெரும்பகுதி மலமாகவோ சிறுநீராகவோ வரவில்லை, எங்கோ காணாமல் போகிறது என்பதுதான் அவருக்குப் பெரிய வியப்பு. அந்தக் காணாமல் போவது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது என்று இன்று தெரியும். ராத்திரி படுக்கும்போது இருந்ததைவிடக் காலையில் சில நூறு கிராம் குறைவாக இருப்பதும் இதனால்தான். கொழுப்பு கரைவதும் இதே வழிதான்: பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டைஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோதான் தண்ணீராகிறது. வியர்வையில் கொழுப்பு வெளியேறுவதில்லை. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் கரையும் கொழுப்பு முப்பது கிராம் அளவுதான், அதே ஒரு மணி நேரத்தில் வியர்வை அரை லிட்டருக்கு மேல் போகும். நடந்து முடித்ததும் மெஷினில் ஏறிப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் பார்ப்பது அந்த வியர்வையை. ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடுவது, தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி செய்வது எல்லாம் எண்ணை மட்டும் இறக்கும், ஆளையும் சாய்த்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதுவரை சொன்னது, எனக்குத் தெரிந்தவரை, உறுதியானது. இனிச் சந்தேகத்துக்கு உரியவை. மூன்று வாரம் எடை அசையாமல் நின்று, ஒரே ராத்திரியில் ஒன்றரைக் கிலோ இறங்குவது சிலருக்கு நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதற்குக் கொழுப்பு செல்கள் காலியானதும் தண்ணீரால் நிரம்பி, பிறகு ஒரே நாளில் அந்தத் தண்ணீரை விடுகின்றன என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. நடப்பது உண்மை, விளக்கத்துக்கு நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. கோர்த்திருந்த நீர் விலகும்போது அதுவரை மறைந்திருந்த கொழுப்பு இழப்பு தெரியவருகிறது என்பதே போதுமான விளக்கம். மன அழுத்தத்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி நீர் கோர்க்கிறது என்பதும் அப்படித்தான். கார்டிசால் மிக அதிகமாகும் நோய்களில் இது உண்மை, சாதாரண அலுவலக டென்ஷனில் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது.

"குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய் எடை குறைவதையே நிறுத்திவிடும்" என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. சாப்பாடு குறைந்தால் உடம்பின் செலவு கொஞ்சம் குறையும், ஆனால் நின்றுவிடாது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். உடம்பு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆனால் அவர்களுக்குக் காலிலும் முகத்திலும் நீர் கோர்த்தது, அதனால் மெஷின் காட்டியது உண்மையான இழப்பைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் பட்ட மனவேதனையும் சாப்பாட்டைப் பற்றியே சதா நினைத்துக்கொண்டிருந்ததும் தனிக் கதை. கடும் பட்டினியை நான் யாருக்கும் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எப்போது இது தண்ணீர் இல்லை, சாப்பாட்டு அளவுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்? நான்கு வாரச் சராசரி இறங்கவே இல்லை, இடுப்புச் சுற்றளவும் மாறவில்லை என்றால். அப்போது உப்பு, ஹார்மோன் என்று காரணம் தேடுவதில் பயனில்லை. 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், தினம் 1,200 கலோரிக்குக் கீழ்தான் சாப்பிடுகிறோம், எடை குறையவில்லை என்றவர்களின் உண்மையான கலோரிச் செலவையும் வரவையும் அளந்தார்கள். அவர்கள் உடம்பு சாதாரணமாகத்தான் இயங்கியது. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியைக் கணக்கில் விட்டிருந்தார்கள். அவர்களைப் பொய் சொன்னவர்கள் என்று நினைக்காதீர்கள், மனிதர்கள் எல்லோருக்கும் இது நடக்கிறது. நம் சமையலறையில் அது ஒளிந்திருக்கும் இடங்கள் எனக்குப் பழக்கம்: தோசைக்கு விடும் எண்ணெய், பொரியலில் போடும் தேங்காய், குழந்தை மிச்சம் வைத்த இட்லி, நாளைக்கு மூன்று காபியின் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. உங்களுக்கு இப்போது இது தேவையில்லை, உங்கள் சராசரி இறங்குகிறது. பின்னால் ஒருநாள் நின்றால் அப்போது அளந்து பாருங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய சூழ்நிலைகளையும் சொல்ல வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கூடவே மூச்சு வாங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் அன்றே போக வேண்டும், குறிப்பாக இதய நோய் உள்ளவர்கள். காலையில் முகமும் கண்ணைச் சுற்றியும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன் போன்ற மாத்திரைகளாலும் நீர் கோர்க்கலாம். தானாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். மாதவிடாய் தவறிப்போவது, அசதி, முடி கொட்டுவது இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எதிர்ப்பக்கமும் உண்டு: முயற்சி எதுவும் செய்யாமலே எடை தொடர்ந்து இறங்குவது, அதோடு அதிகத் தாகம், அல்லது விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும். சர்க்கரை நோயும் காசநோயும் நம் ஊரில் அப்படி வெளிப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

உங்களுக்கு என் ஆலோசனை இது. இன்றைக்கு மூன்று வேளையும் உங்கள் வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், தண்ணீர் குறைவாகக் குடித்தால் நீர் இறங்கும் என்பது தவறு. தொடை வலி அடங்கியதும் ஸ்குவாட்டைத் தொடருங்கள், இரண்டாவது தடவை இவ்வளவு வலிக்காது. ஒரு டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு இடுப்பை அளந்து எழுதுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்று வைத்திருக்கிறார்கள், ஆண்களுக்கு 90. நம்மவர்களுக்கு மொத்த எடை குறைவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் போக்கு அதிகம், அதனால் எனக்கு உங்கள் கிலோவைவிட அந்த சென்டிமீட்டர்தான் முக்கியமாகப் படுகிறது. மாதவிடாய் முடிந்து நான்கைந்து நாள் கழித்து ஏழு நாள் சராசரி எடுத்து, 77.1, 76.6 என்று எழுதிய வரிசையில் அதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த கல்யாணம் எப்போது என்றும் எழுதுங்கள். அதற்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு, மறுநாள் காலை அந்த எண்ணையும் வரிசையில் எழுதலாம்.